இருமுறை பிறக்கும் நிழற்படம்

மலாய் இலக்கியத்தில் புதிய உரைநடைக்கு வித்திட்டவர் எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லா, அரபுக் குருதியும் தமிழ்க் குருதியும் கலந்த குடியில் மலாக்காவில் பிறந்தவர், தமிழும் கற்றறிந்தவர். 1849-ஆம் ஆண்டில் அச்சேறிய ‘ஹிக்காயாட் அப்துல்லா’ என்னும் தம் வாழ்க்கை வரலாற்று நூலில், சிங்கப்பூரில் தாம் கண்ட புதுமைகளுள் ஒன்றாக ஒரு படத்தைக் குறிப்பிடுகிறார். அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றில் வந்த மருத்துவர், குன்றின் மேலிருந்து நோக்கிய சிங்கப்பூர் நகரை ஓர் உலோகத் தகட்டில் பதித்துக் காட்டினாராம். எழுதுகோலும் தூரிகையும் தீண்டாத படம் அது. இத்தீவில் நிழற்படக் கலை கால்கொண்டதற்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று இதுவே என்பர்.

அத்தகடு ‘டாகெரோடைப்’ வகையைச் சேர்ந்தது. பிரெஞ்சு நாட்டவரான லூயி டாகெர் கண்ட இம்முறை 1839-இல் பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் அயோடின் ஆவியைப் படியவிட்டு, கருவிக்குள் வைத்து ஒளி விழச்செய்து, பாதரச ஆவியால் உருவை வெளிக்கொணர்வர். கண்ணாடிபோல் மின்னும் அப்படங்களின் நுட்பம் இன்றும் வியக்கத்தக்கது. ஆயினும் ஒரு தகட்டுக்கு ஒரே படந்தான். அதனின்று மற்றொரு படி எடுக்க வழியில்லை. எடுத்தவர் பின்னர் மனம் மாறி, வானத்தைச் சற்று இருளாக்கவோ நிழலிலுள்ள முகத்தைச் சற்று வெளிச்சமாக்கவோ விரும்பினும் இயலாது. கருவியை விட்டு வெளிவந்து ஆவி காட்டியபோதே அதன் கதை முடிந்துவிடும்.

ஆங்கில நாட்டில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் கண்ட வழி வேறு. 1835 ஆகஸ்டில் லேகாக் மாளிகையிலிருந்த தம் வீட்டுச் சாளரத்தை அவர் தாளில் பதித்தார். அஞ்சல்தலை அளவினதாகிய அத்தாளில் வெளிச்சம் கறுப்பாகவும் இருள் வெளுப்பாகவும் விழுந்திருந்தன. இதனைக் குறையென்று கருதாமல், அத்தாளை வேறொரு தாளின் மேல் வைத்து மீண்டும் ஒளி பாய்ச்சினால் எல்லாம் நேராகிவிடும் என்பதை டால்பட் உணர்ந்தார். ‘நெகட்டிவ்’, ‘பாசிட்டிவ்’ என்னும் சொற்களை இதற்கு வழங்கியவர் அவருடைய நண்பரும் வானியல் அறிஞருமான ஜான் ஹெர்ஷல். 1840 செப்டம்பரில் டால்பட் அதனினும் அரியதொன்றைக் கண்டார். சிறிது நேரமே ஒளிபட்டு, கண்ணுக்கு வெறுமையாகத் தோன்றிய தாளிலும் உரு ஒளிந்திருந்தது. தக்க இரசாயனக் கரைசலில் கழுவினால் அது வெளிப்பட்டது. 1841-இல் அவர் காப்புரிமை பெற்ற ‘கேலோடைப்’ முறை இவ்விரு கண்டுபிடிப்புகளின் மீது எழுந்ததாகும்.

அன்றுமுதல் நிழற்படத்துக்கு இரு பிறப்புகள் உண்டாயின. ஒளி விழும் கணத்தில் ஒன்று. இருட்டறையில் மனிதன் கை படும்போது மற்றொன்று. இன்று மின்னிலக்கக் கருவியில் ‘ரா’ வடிவில் படமெடுத்துப் பின்னர்க் கணினியில் அதனைச் செப்பஞ்செய்யக் கற்போர் பலர். ‘ரா’ என்பது பச்சை, சமைக்கப்படாதது என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல். அது கணினி யுகத்தின் புதுமை என்று அவர்கள் எண்ணக்கூடும். உண்மையில் டால்பட் தொடங்கிவைத்த மரபே அங்கும் தொடர்கிறது. இடையில் நேர்ந்ததெல்லாம், இரண்டாம் பிறப்பு யார் கையில் இருப்பது என்னும் வழக்கே.

அவ்வழக்கு தமிழகத்து மண்ணிலும் ஒருமுறை வெளிப்பட்டிருக்கிறது. சென்னைப் படையில் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப், 1856-இல் சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார். 1857-ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்டு, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எனச் சுற்றி வந்தார். பெரிய கருவியும் இரசாயனப் புட்டிகளும் மாட்டு வண்டியில் உடன் செல்ல, வெயிலில் அலைந்து எடுத்த படங்கள் அவை. அக்காலத்தில் புதிதாய்ப் பரவியிருந்த கண்ணாடித் தகட்டு முறையில், ஈரம் காயுமுன் எடுத்து, ஈரம் காயுமுன் கழுவிவிட வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் அது பெருந்தொல்லை. மெழுகூட்டிய தாள் முறையோ பொறுமைமிக்கது. தாளை முன்னரே ஆயத்தஞ்செய்து எடுத்துச் செல்லலாம். எடுத்தபின் சில நாள் கழித்தும் உருவை வெளிக்கொணரலாம். டிரைப் பெரிதும் தாளையே நாடியதன் காரணம் இதனால் விளங்கும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் பொறிக்கப்பட்ட சோழர் காலக் கல்வெட்டுகளை அவர் வரிசையாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். கல்லிலுள்ள எழுத்தை அறிஞர் தம் மேசைமேல் விரித்துப் படிக்கும் வாய்ப்பு அதனால் உண்டாயிற்று. சான்று என்னும் சொல்லுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அந்நூற்றாண்டில் அரிது.

ஆனால் அதே டிரைப் தம் நெகட்டிவ்களில் வண்ணம் தீட்டியவரும் ஆவார். அக்காலத்து இரசாயனங்கள் நீலத்துக்கு மிகுதியாகவும் பச்சைக்குக் குறைவாகவும் இணங்குவன. ஆதலால் வானம் வெறும் வெள்ளையாகவும் மரங்களின் இலைத்திரள் வெறுங்கறுப்பாகவும் விழுந்தன. குறிப்பாக 1855-இல் பர்மாவில் எடுத்த தாள் நெகட்டிவ்களில், டிரைப் தூரிகைகொண்டு மேகங்களை வரைந்து சேர்த்தார். இலைகளுக்கு வடிவம் ஊட்டினார். கண் கண்டதைக் கருவி காணவில்லை. ஆகவே கருவி விட்டதைக் கை நிரப்பிற்று. இதனைப் பொய் என்று தள்ளுவது எளிது. எனினும் மேகம் தவழ்ந்த வானத்தை வெள்ளைத் தாளாகக் காட்டும் படம் மட்டும் மெய்யா என்னும் வினாவுக்கும் விடை கூறியாக வேண்டும். அதே பத்தாண்டில் பிரான்சில் குஸ்தாவ் ல கிரே, கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானத்துக்கு மற்றொன்றும் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் இணைத்து அச்சிட்டுப் பெரும்புகழ் பெற்றார். மெழுகுத் தாள் முறையை வகுத்தவரும் அவரே.

டிரைப்பின் பணி நெடிது நிலைக்கவில்லை. 1859-இல் ஆளுநராய் வந்த சார்லஸ் டிரெவெல்யன், அரசு இத்தகைய ஆடம்பரத்துக்குச் செலவிடலாகாது என்று கருதினார். மறு ஆண்டில் அலுவலகம் மூடப்பட்டது.

1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்பனைக்குக் கொணர்ந்த கோடாக் கருவி, இரண்டாம் பிறப்பைப் பொதுமக்களிடமிருந்து முற்றாகப் பிரித்தது. 100 படங்கள் எடுக்கவல்ல சுருளோடு 25 டாலருக்கு விற்கப்பட்ட அக்கருவியை, படங்கள் முடிந்ததும் அப்படியே ஆலைக்கு அனுப்பிவிட வேண்டும். 10 டாலர் கட்டணத்தில் படங்களும், புதுச்சுருள் பொருத்திய கருவியும் திரும்பி வரும். கோடிக்கணக்கானோர் கையில் நிழற்படம் தவழ்ந்தது இவ்வாறுதான். அதற்கு ஈடாக அவர்கள் விட்டுக்கொடுத்தது, தம் படம் எத்தன்மையதாய் இருக்கவேண்டும் என்று தாமே முடிவுசெய்யும் உரிமையை.

அவ்வுரிமையை விட்டுக்கொடுக்க மறுத்தவர்களுள் தலையாயவர் அமெரிக்காவின் அன்செல் ஆடம்ஸ். இளமையில் பியானோ பயின்று, இசைவாணராக விழைந்தவர் அவர். நெகட்டிவை இசையமைப்பாளர் எழுதிய குறிப்புக்கும், அச்சுப்படத்தை அதனை மேடையில் வாசிப்பதற்கும் அவர் ஒப்பிட்டது அப்பயிற்சியின் விளைவேயாகும். ஒரே கீர்த்தனையைப் பாடகர் ஒருவர் முப்பது வயதில் பாடுவதற்கும் எழுபதில் பாடுவதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த செவிகளுக்கு இவ்வுவமை தெளிவாக விளங்கும்.

1941 நவம்பர் முதல் நாள் மாலை, நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூர்ப் பக்கமாக அவர் காரில் வந்துகொண்டிருந்தார். கல்லறைச் சிலுவைகளின் மீது மறையும் ஞாயிற்றின் கடைசி ஒளி. மேலே எழுந்துவரும் நிலவு. அவசரத்தில் ஒளியளக்கும் கருவி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளியளவு மனத்தில் இருந்தமையால், அதனைக் கொண்டு கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். மறுபடம் எடுக்க முனையுமுன் சிலுவைகளை விட்டு ஒளி நீங்கிவிட்டது. அந்த ஒரே நெகட்டிவ் அச்சிடுவதற்குக் கடினமானது, நிலப்பகுதி மெலிந்திருந்தது. 1948-இல் அதன் கீழ்ப்பகுதியை மட்டும் இரசாயனத்தில் தோய்த்து அடர்த்தி கூட்டினார். அதனின்று அவர் வாழ்நாளில் 1300-க்கும் மேற்பட்ட படிகள் அச்சிடப்பட்டன. தொடக்கக் காலப் படிகளில் வானில் மெல்லிய மேகங்கள் தெரிகின்றன. பிற்காலத்தவற்றில் வானம் ஏறக்குறைய முழுக்கறுப்பு. நெகட்டிவ் ஒன்றே, மாறியவர் ஆடம்ஸ்.

1939, 1940-ஆம் ஆண்டுகளில் ஃபிரெட் ஆர்ச்சருடன் இணைந்து அவர் வகுத்த ‘மண்டல முறை’, காட்சியின் ஒளியைக் கறுப்பு முதல் வெள்ளை வரை படிநிலைகளாகப் பகுத்து, ஒவ்வொன்றும் அச்சில் எவ்விடத்தில் அமையவேண்டும் என்பதைப் படம் எடுக்குமுன்பே மனக்கண்ணில் காணக் கற்பிப்பது. நிழலுக்கு ஏற்ப ஒளியை அளந்து எடு, வெளிச்சத்துக்கு ஏற்பக் கழுவு என்பது நெகட்டிவ் காலத்துப் பழைய பாடம். அதனை ஆடம்ஸ் கணக்காக்கினார். 1981-இல் வெளிவந்த ‘தி நெகட்டிவ்’ நூலின் புதுப்பதிப்பில், அடுத்த பெரும் முன்னேற்றம் மின்னணுப் படமாகவே இருக்கும் எனத் தாம் நம்புவதாக அவர் எழுதினார். மூன்றாண்டுகளில், 1984-இல், அவர் மறைந்தார்.

அந்த மின்னணுப் படத்தின் விதை அதற்கு முன்பே ஊன்றப்பட்டிருந்தது. 1975-இல் கோடாக் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய கருவி, நூற்றுக்கு நூறு, அதாவது 10,000 படப்புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படமொன்றை ஒலிநாடாவில் எழுத 23 விநாடி எடுத்துக்கொண்டது. அதே நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பே இன்றும் பெரும்பாலான கருவிகளில் உள்ளது. ‘ரா’வின் இயல்பை உணர அவ்வமைப்பை அறிவது இன்றியமையாதது.

கருவிக்குள்ளிருக்கும் ஒளியுணரிக்கு நிறம் தெரியாது. எவ்வளவு ஒளி விழுந்தது என்பது மட்டுமே தெரியும். ஆதலால் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு நிறச் சல்லடை வைக்கப்படுகிறது. பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, காற்பங்குக்குச் சிவப்பு, காற்பங்குக்கு நீலம். மனிதக் கண் பச்சைப் பகுதியிலேயே மிகு நுட்பம் காண்பதால் இப்பங்கீடு. எந்தப் புள்ளியும் ஒரு நிறத்தையே அறியும். மற்ற இரண்டையும் அண்டைப் புள்ளிகளிடமிருந்து கணித்தறிய வேண்டும். அக்கணிப்பு நடைபெறுவதற்கு முன் உள்ள எண்களின் தொகுதியே ‘ரா’ கோப்பு. கண்ணால் காணத்தக்க படம் அதில் இல்லை. டால்பட்டின் வெறுந்தாளில் உரு ஒளிந்திருந்தது போல, அது எண்களுக்குள் ஒளிந்திருக்கிறது.

1992-இல் தரப்படுத்தப்பட்ட ‘ஜேபெக்’ வடிவில் எடுப்போருக்கு இக்கணிப்பைக் கருவியே ஒரு நொடிக்குள் செய்து, நிறம் கூட்டி, கூர்மை சேர்த்து, தேவையற்றதென்று தான் கருதியதைக் கழித்து, முடிந்த படமாகத் தந்துவிடுகிறது. ‘ரா’ கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் 4096 அல்லது 16,384 ஒளிப்படிகள் இருக்கலாம். ஜேபெக்கில் நிறத்துக்கு 256. வேறு சொல்லால் கூறின், ஜேபெக் என்பது ஈஸ்ட்மனின் ஆலை கருவிக்குள் குடியேறிய வடிவம். அதில் இழிவொன்றுமில்லை, அன்றாடத் தேவைக்கு அது போதும்.

1990-இல் தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் படைத்த ‘ஃபோட்டோஷாப்’ வெளிவந்தது. 2003-இல் அதே தாமஸ் நோல் ‘ரா’ கோப்புகளைத் திறக்கும் இணைப்பை அதற்கு வழங்கினார். 2007-இல் ‘லைட்ரூம்’ வந்தது. இருட்டறைக்கு ஈடாக வெளிச்ச அறை என்று பெயரிட்டது சற்றுக் குறும்புதான். இவற்றில் செய்யும் மாற்றங்கள் கோப்பைத் தீண்டுவதில்லை. இன்னின்னவாறு காட்டுக என்னும் கட்டளைகளாகத் தனியே எழுதப்படுகின்றன. டிரைப்பின் வண்ணம் நெகட்டிவின் மேலேயே அமர்ந்துவிட்டது. இங்கோ வரைந்த மேகத்தை மறுநாள் நீக்கிவிடலாம்.

புதிதாய்க் கற்போருக்கு முதலில் வாய்ப்பது ஏமாற்றம். கருவியின் திரையில் பளிச்சென்று தெரிந்த படம் கணினியில் திறந்ததும் மங்கி, சோர்ந்து தோன்றும். திரையில் தெரிந்தது கருவி தன் விருப்பப்படி சமைத்த ஜேபெக் என்பதை அறிந்தால் அவ்வேமாற்றம் நீங்கும். அடுத்து வருவது, பழைய பாடத்தைத் தலைகீழாக்கும் பயிற்சி. நெகட்டிவ், மிகுந்த வெளிச்சத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். நிழலில் ஒன்றும் விழாவிட்டால் மீட்பில்லை. ஒளியுணரியோ குடம் போன்றது. நிறைந்தபின் ஊற்றியது வழிந்தோடிவிடும். ஆதலால் இங்கு வெளிச்சத்தைக் காத்து எடுத்து, நிழலைப் பின்னர் உயர்த்த வேண்டும். ஆயினும் அச்சத்தால் மிகக் குறைத்து எடுத்தாலும் கேடுதான். ஒளிப்படிகளில் பாதி, காட்சியின் மிக வெளிச்சமான பகுதிக்கே உரியது. இருண்ட மூலைக்கு எஞ்சுவது சொற்பம். அதனை வலிந்து உயர்த்தினால் மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் எழும். நிறச் சமநிலை வெறும் குறிப்பாகவே பதிவதால் பின்னர் வேண்டியவாறு மாற்றிக்கொள்ளலாம். கை நடுங்கியதையும், குவியம் தவறியதையும், தவறவிட்ட கணத்தையும் எந்த மென்பொருளும் உள்ளபடி மீட்டுத் தராது.

இக்கல்வி கறுத்த மேனியருக்குத் தனிப் பொருளுடையது. வண்ணப்படச் சுருள் பரவிய காலத்தில், அச்சகங்கள் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய மாதிரி அட்டையில் வெள்ளைப் பெண்ணொருத்தியின் உருவமே இருந்தது. முதல் பெண்ணின் பெயரால் அதனை ‘ஷர்லி அட்டை’ என்றனர். அவளுடைய தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. அக்கணக்கில் அச்சான படங்களில் கறுத்த முகங்கள் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும் நிழல்களாயின. பல நிறத்தவரைக் கொண்ட அட்டையைக் கோடாக் 1990-களில்தான் வெளியிட்டது. கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இவ்வரலாற்றை விரிவாக எடுத்துரைக்கிறது. வெண்பட்டு வேட்டியும் மல்லிகைச் சரமும் கருமேனியும் ஒருங்கே அமைந்த தமிழ்த் திருமணக் காட்சியை எண்ணிப் பார்த்தால், இரண்டாம் பிறப்பை ஆலையிடம் விடுவதன் விலை புலப்படும். ‘ரா’வில் எடுப்பவர் பூச்சரத்தின் வெண்மையைக் காத்து, முகத்தை அதன் இயல்பான நிறத்தில் உயர்த்த இயலும். முகத்தை வெளுப்பாக்கி விற்கவும் அவரால் இயலும். பழைய படக்கடைகளின் அவ்வழக்கம் மென்பொருளோடு மறைந்துவிடவில்லை.

எல்லை எது என்னும் வினா இங்கேதான் எழுகிறது. இதழியல் நிழற்படத்தின் பெருமகன் எனப்படும் யூஜின் ஸ்மித், 1954-இல் ‘லைஃப்’ இதழில் வெளிவந்த ஆல்பர்ட் ஷ்வைட்சர் படமொன்றில் வேறொரு நெகட்டிவிலிருந்து ஒரு கையையும் இரம்பப் பிடியையும் இணைத்திருந்தார். 1982 பிப்ரவரியில் ‘நேஷனல் ஜியாக்ரபிக்’ தன் அட்டைக்காக எகிப்தின் பிரமிடுகளைக் கணினியால் நெருக்கி வைத்தது. ஆகவே பொய்க்குக் ‘ரா’வும் தேவையில்லை, ஃபோட்டோஷாப்பும் தேவையில்லை.

ஆயினும் ஐயம் கணினியின் மீதே விழுந்தது. 2013-இல் உலகப் பத்திரிகைப் படப்போட்டியில் முதற்பரிசு பெற்ற, சுவீடனின் பால் ஹான்சன் காசாவில் எடுத்த இறுதி ஊர்வலப் படம் ஒட்டுவேலை எனக் குற்றஞ்சாட்டப்பட்டது. போட்டி நடத்தியோர் அவரது ‘ரா’ கோப்பை வாங்கி வல்லுநரிடம் ஒப்புநோக்கச் செய்தனர். ஒளியும் நிறமும் திருத்தப்பட்டுள்ளன, ஒன்றும் ஒட்டப்படவில்லை என்பது தெளிவாயிற்று. 2015-இல் அதே போட்டியில், இறுதிக்கு முந்திய சுற்றை எட்டிய படங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, மூலக்கோப்போடு ஒத்துவராமையால் தள்ளப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனமோ, வெளிக் கலைஞர்கள் ‘ரா’விலிருந்து ஆக்கிய படங்களை அனுப்பலாகாது, கருவியே பதிந்த ஜேபெக் படங்களையே அனுப்பவேண்டும் என ஆணையிட்டது. விரைவும் நெறியும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். ஒரே கோப்பை ஓரிடத்தில் சாட்சியாகவும் மற்றோரிடத்தில் சந்தேகத்துக்குரியதாகவும் கொண்டது அவ்வாண்டு. இரண்டில் முன்னதே பொருத்தமுடையது; நெகட்டிவைக் காட்டச் சொல்லும் பழைய முறைக்கு அது நேர்வழி. கருவியின் ஜேபெக்கும் ஆலைப் பொறியாளரின் விருப்புவெறுப்புகளால் ஆக்கப்பட்டதே என்பதை மறுத்தல் அரிது.

சாட்சி நிலைத்திருக்க வேண்டுமானால் அதனைப் படிக்கவும் முடியவேண்டும். டிரைப்பின் தாள் நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எவர்க்கும் உருத் தெரியும். ‘ரா’ கோப்புகளின் அமைப்போ நிறுவனத்துக்கு நிறுவனம், கருவிக்குக் கருவி மாறுவது; பெரும்பாலும் வெளியிடப்படாதது. 2005-இல் நிக்கான் தன் புதிய கருவியின் கோப்பில் நிறச் சமநிலைக் குறிப்பைப் பூட்டி வைத்தபோது, எடுத்தவருக்கே தம் நெகட்டிவ் முழுமையாக உரியதில்லையோ என்னும் குரல் எழுந்தது. அதற்கு முந்திய ஆண்டில் அடோபி நிறுவனம் எல்லார்க்கும் பொதுவான ‘டிஎன்ஜி’ என்னும் வடிவை வெளியிட்டிருந்தது. பெரிய கருவி நிறுவனங்கள் பல அதனை ஏற்கவில்லை. 1997-இல் டேவ் காஃபின் என்னும் நிரலாளர் எழுதத் தொடங்கிய ‘டிசிரா’ என்னும் சிறு நிரல், நூற்றுக்கணக்கான கருவிகளின் கோப்புகளைத் தானே ஆராய்ந்து படிக்கக் கற்றது. அதன் மூலநிரலை எவரும் விலையின்றிப் பெறலாம். அதன் கடைசிப் பதிப்பு 2018-இல் வெளிவந்தது. அதன் வழிவந்த ‘லிப்ரா’ நூலகம், புதிய கருவிகளின் பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்துவருகிறது.